மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

வன்னிப் பெருநிலம் குளத்தையும் வயலையும் நம்பி வாழும் நிலம். இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் அங்கே நெல் விளைவிப்பன. ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் தொலைவும் மிகுதி. ஆதலால் அங்குள்ள உழவு இயந்திரம் உழுவதற்கு மட்டும் உரியதன்று. விதைநெல்லும் விறகும் மணலும் அதன் பின்னே பூட்டிய பெட்டியிலேயே செல்லும்; அவசர வேளையில் நோயாளரும் அதிலேயே செல்வர். அவ்வியந்திரம் நின்றால் வீட்டின் வாழ்வும் நின்றுவிடும்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் முதலியவை வடபகுதிக்குச் செல்வதை அரசாங்கம் தடுத்தது. மண்ணெண்ணெய் அளவோடு சென்றது. விலையோ பன்மடங்கு உயர்ந்தது. 1995, 1996 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது தேவை மேலும் பெருகிற்று. கிடைத்த மண்ணெண்ணெயைக்கொண்டு வண்டியை ஓட்டுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு, வீட்டு முற்றங்களிலும் மரநிழற் பட்டறைகளிலும் விடை காணப்பட்டது.

அவ்விடையின் அடிப்படை எளியது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். ஆதலின் குளிர்ந்த எஞ்சினில் அது பொறிபட்டும் பற்றாது. முதலில் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாகச் செலுத்தி எஞ்சினை இயக்குவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பர். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால், அடுத்த முறை எளிதிற் கிளம்பும். சிறு போத்தலும் மெல்லிய குழாயும் இதற்குப் போதுமாயிருந்தன.

இத்தொல்லைக்குப் புதிய வண்டிகளைவிடப் பழைய வண்டிகளே ஈடுகொடுத்தன. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவை தரங்குறைந்த பெற்றோலுக்கும் ஏற்ற, அமுக்கம் குறைந்த எஞ்சின்களை உடையவை. மண்ணெண்ணெய் கூடிய அமுக்கத்தில் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, எஞ்சினில் தட்டலை உண்டாக்கும். அமுக்கம் குறைந்த இடத்தில் அக்கேடும் குறைவு. பற்றறி வலுவிழந்தாலும் கைப்பிடியால் முறுக்கி இயக்கும் வசதி அவற்றில் இருந்தது. டீசல் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் தீப்பொறியே வேண்டியதில்லை. சரிவில் உருட்டியோ கயிறு கட்டி இழுத்தோ கிளப்பிவிட்டால் பற்றறி இன்றியும் ஓடும். கிராமத்தார் லாண்ட்மாஸ்ரர் என்று வழங்கும் இருசக்கர உழவு இயந்திரம் கையால் முறுக்கியே இயக்கத்தக்கது.

இம்முறை உலகுக்கு முற்றிலும் புதியதன்று. இங்கிலாந்தில் பெர்குசன் நிறுவனத்தின் டி.இ. 20 உழவு இயந்திரத்தில், மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடும் வகையொன்று 1949 இல் வெளிவந்தது. அதுவும் பெற்றோலிற் கிளம்பிச் சூடேறியபின் எண்ணெய்க்கு மாறியது. அதன் அமுக்கமும் குறைக்கப்பட்டிருந்தது. அங்கே தொழிற்சாலை வரைந்து செய்ததை, இங்கே கையில் அகப்பட்ட பொருள்களைக்கொண்டு மக்கள் செய்தனர்.

ஆயினும் இதற்குரிய விலை சிறிதன்று. முற்றும் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியாகக் கீழிறங்கி, மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் தானே உயர்ந்து காணப்பட்டால் மகிழ்வதற்கில்லை. உள்ளே கலப்பு நிகழ்கின்றது என்பதே பொருள். உடனே எண்ணெயை மாற்றாவிடில் தாங்கிகள் தேய்ந்துவிடும். டீசல் எஞ்சினில் வெறும் மண்ணெண்ணெயை இட்டால், வழுவழுப்புக் குறைவதால் எரிபொருட் பம்பி பழுதுறும். சூடான எஞ்சினருகே பெற்றோற் போத்தல் வைப்பது தீ விபத்தை அழைப்பதாகும். புகையோ கண்ணையும் மார்பையும் வருத்தும்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது டீசலும் உதிரிப்பாகங்களும் வரத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் அடைபட்டது. பழைய தட்டுப்பாடு திரும்பிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் 2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது, தட்டுப்பாடு போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று.

அந்நாளைய கைத்திறன் பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது, செய்தவர்களோடு மறையக்கூடியது. செய்முறையை மட்டும் கற்றவன் வண்டியை ஓட்டுவான். காரணத்தையும் கற்றவன் ஓட்டிய வண்டியைக் காப்பாற்றவும் செய்வான். ஆதலின் வன்னியின் தொழிற்பயிற்சி மாணவருக்கு முதியவர்களின் செய்முறையோடு அதன் காரணத்தையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். எதைச் செய்யலாம் என்பதைப் போலவே, எதைச் செய்யலாகாது என்பதும் அந்த அனுபவம் தந்த செல்வமே.