கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து

"அந்தச் சொட்டு விட்டால் கண் மங்கிப்போகும், பிறகு வேலை செய்ய ஏலாது" என்று சொல்லிக் கண் கிளினிக்குக்குப் போகாமல் நிற்பவர்களை நாங்கள் பல இடங்களிலும் காண்கிறோம். மங்குவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சில மணித்தியால மங்கல். பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் வரக்கூடியதோ திரும்பி வராத பார்வையிழப்பு. ஆகவே இம்மருந்தைப் பற்றிச் சற்று விளங்கிக்கொள்வோம்.

கண்ணில் நடப்பது என்ன?

கண்ணின் நடுவே தெரியும் கறுப்பு வட்டமே கண்மணி. அது உண்மையில் ஒரு துவாரம். அதைச் சூழ்ந்துள்ள கதிராளியில், துவாரத்தைச் சுருக்க ஒரு தசையும் விரிக்க ஒரு தசையும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் கண்மணி 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கும். இருட்டில் 8 மில்லிமீற்றர் வரை விரியும். இச்சொட்டு மருந்துகளிற் பல, சுருக்கும் தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கின்றன. கிட்டப் பார்ப்பதற்கு உதவும் தசையும் கூடவே ஓய்ந்துவிடும். அதனாலேயே வெளிச்சம் கூசுகிறது, எழுத்துகள் மங்குகின்றன.

வேலியோரத்து ஊமத்தையை நாம் அறிவோம். அதைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்துவிடும். அற்றோப்பின் வகை நஞ்சு அதில் இருப்பதே காரணம். வைத்தியசாலையில் இதே வகை மருந்து அளந்து தரப்படுகிறது. ஊமத்தஞ்சாற்றுக்கு அளவில்லை, அதை ஒருபோதும் கண்ணில் விடக்கூடாது.

எதற்காக விடுகிறார்கள்?

திறப்புத் துவாரத்தால் அறையைப் பார்ப்பதற்கும் கதவைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையை முழுமையாகப் பார்க்கக் கண்மணி விரிய வேண்டும். சலரோகம் விழித்திரையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். தொடக்கத்தில் நோவும் இராது, பார்வையும் குறையாது. பார்வை குறைந்தபின் போனால் இழந்ததை முழுவதும் மீட்பது கடினம். எனவே சலரோகம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது கண்ணைக் காட்ட வேண்டும்.

கண்புரையைச் சோதிக்கவும் சத்திரசிகிச்சை செய்யவும் இம்மருந்து தேவை. பிள்ளைகளின் கண் பலமாக முயன்று தன் குறையை மறைத்துவிடும். அந்த முயற்சியை ஓயவைத்தாற்தான் கண்ணாடியின் சரியான அளவு தெரியும். பிள்ளையின் கண்மணியில் வெள்ளை ஒளி தெரிந்தால் தாமதியாது காட்டுங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

கதிராளியில் அழற்சி ஏற்பட்டால் அது வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கவும் நோவைக் குறைக்கவும் இம்மருந்தை நாட்கணக்கில் விடச் சொல்வார்கள். நோவு குறைந்ததென்று இடையில் நிறுத்த வேண்டாம்.

எவ்வளவு நேரம் நீடிக்கும்?

பரிசோதனைக்குப் பெரும்பாலும் விடப்படும் ரொபிக்கமைட் ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் வேலை செய்யும். கருமையான கண்களில் விரிவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். இன்னொரு சொட்டு விட்டால் பயப்பட வேண்டாம். பொதுவாக 4 முதல் 8 மணித்தியாலத்தில் தெளியும், சிலருக்கு ஒரு நாள் செல்லும். அற்றோப்பின் விட்டால் ஒன்று அல்லது இரண்டு கிழமை வரை நீடிக்கலாம். என்ன மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பார்வை தெளியும்வரை சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் ஓட்ட வேண்டாம். கத்தி, மண்வெட்டியையும் அன்று தள்ளி வையுங்கள்.
* தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி ஏதாவது கொண்டுபோங்கள்.
* சொட்டு விட்டதும் எரிவதும், தொண்டையில் கசப்பதும் வழமை. கண்ணை மூடி, மூக்கோடு சேர்ந்த கண் மூலையை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்தினால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும்.
* கண் அழுத்த நோய், இருதய நோய், இரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* அற்றோப்பின் விட்ட பிள்ளைக்கு முகம் சிவந்து, காய்ச்சலோடு பிதற்றல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சொட்டுப் போத்தல் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது, குடித்தால் நஞ்சு.
* ஒருவருக்குத் தந்த மருந்தை மற்றவர் பாவிக்கக்கூடாது.

மிகச் சிலருக்குக் கண்ணின் உள்ளே அழுத்தம் திடீரெனக் கூடலாம். கடும் நோவு, கண் சிவத்தல், வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போல் வளையம் தெரிதல் இதன் அறிகுறிகள். விடியட்டும் என்று பார்த்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் அதற்காகக் கூச்சப்பட்டு நிற்க வேண்டாம். எத்தனை வருடமாகச் சலரோகம், என்ன குளிசை, முன்பு கண்ணில் என்ன செய்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புதிய கொப்பி போடலாம். ஒரு நாள் வேலை போனால் மறுநாள் செய்யலாம். கண் போனால் அந்த வேலைக்கே வழியில்லை.