நிரல்களின் அஞ்சற்பெட்டி

பணம் பெறும் நிரல் ஒன்று; அதனைக் கணக்கில் வரவு வைக்கும் நிரல் மற்றொன்று எனக் கொள்வோம். பின்னது நின்றுவிட்டால் முன்னதும் கைகட்டி நிற்க வேண்டுமோ? வேண்டுவதில்லை. இடையே செய்திகளை வரிசையாய் வாங்கி வைத்திருக்கும் தரகர் உண்டு; 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ராபிட்எம்க்யூ அத்தகையது. அதனுடன் பேசும் முறையைப் பைதான் மொழியினர்க்குப் பிக்கா என்னும் நூலகம் அமைத்துத் தருகிறது. (நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைத்துவிடாதீர்கள்!)

உயிர்நிலை ஒப்புகையில் இருக்கிறது. ஒப்புகை வேண்டும் என அமைத்திருந்தால், அது வரும்வரை தரகர் செய்தியைக் கைவிடுவதில்லை. இடையில் இணைப்பு அறுந்தால் அதனையே மீண்டும் அனுப்புவார். வரவு வைத்தபின், ஒப்புகை சேருமுன் அறுந்தாலோ? ஒரே தொகை இருமுறை வரவாகிவிடும்! ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் எண்ணிட்டு, அவ்வெண்ணை வரவோடு சேர்த்தே பதிந்து, மறுபடி வருவதைத் தள்ளிவிடல் பெறும் நிரலின் கடமை. அதனை நூலகம் செய்து தராது.