எலி சொன்ன சளிக் கதை

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பிறந்ததிலிருந்தே இந்தப் பிள்ளைக்குச் சளிதான்." பெரும்பாலும் அது சாதாரணச் சளியாகவே இருக்கும். ஆனால் மூக்கொழுகல் ஒருநாளும் நிற்காமல், சளி இருமலும் காதுத் தொல்லையும் ஆண்டு முழுக்கத் தொடர்ந்தால் வேறொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உண்டு. வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துத் தொண்டைக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. அவற்றை அசைக்கும் டைனீன் என்ற புரதம் பழுதானால் சளி அங்கேயே தேங்கிவிடும். 1933-இல் கார்த்தகேனர் என்ற சுவிஸ் மருத்துவர், இப்படிப்பட்ட நோயாளிகள் சிலருக்கு இதயமும் கல்லீரலும் பக்கம் மாறியிருப்பதை விவரித்தார்.

சளிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? விடை சுண்டெலியிடம் கிடைத்தது.

ஒருவகை எலிகளின் குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்கு உறுப்புகள் பக்கம் மாறியிருப்பது 1959-இல் தெரியவந்தது. அதற்குக் காரணம் ஒரு டைனீன் மரபணு என்பது 1997-இல் புலப்பட்டது. மறு ஆண்டு, எலிக் கருவில் நுண்ணிழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். அந்த ஓட்டம்தான் இடம் எது, வலம் எது என்று கருவுக்குச் சொல்கிறது. 2002-இல் ஓட்டத்தைச் செயற்கையாகத் திருப்பினார்கள், பக்கமும் மாறியது! சுழற்சியே இல்லையென்றால் பூவா தலையாதான். ஆனாலும் எலி மனிதனல்ல. இந்தக் குறையுள்ள எலிகளுக்கு மூளையில் நீர் கோர்ப்பது சகஜம், மனிதர்களுக்கு அது அபூர்வம்.

இன்று மனிதர்களில் 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இந்நோயோடு தொடர்புடையவை என்று தெரியும். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இங்கேதான் நம் வீட்டு விஷயம் வருகிறது. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், இந்துக்கள் அக்காள் மகளை மணக்கும் வழக்கத்துக்கு விலக்கு தந்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கலாம், மரபணு கணக்குப் பார்க்கும். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது. முறைப்பெண்ணை மணக்காதே என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் இந்நோய் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள் என்கிறேன்.

முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சி, தக்க நேரத்தில் கிருமிக்கொல்லி, புகையில்லா வீடு, காது கேட்கும் திறன் சோதனை ஆகியவை நுரையீரலையும் செவியையும் காக்கும். எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால், அதை மருத்துவ அட்டையில் எழுதி வையுங்கள். உறுப்புகள் பக்கம் மாறியவருக்குக் குடல்வால் வலி இடப்பக்கம் வரலாம்.