ஒரு பவுண்டு தானியம்: பேரரசின் கணக்கும் தேசியத்தின் கணக்கும்

1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் பெரும் தர்பார் நடத்தி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தார்கள். அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தாது வருடப் பஞ்சம் முற்றியிருந்த நேரம் அது. இரண்டு பருவமழையும் பொய்த்து, நிவாரண வேலைத்தளங்களில் கூட்டம் தாங்கவில்லை. செலவு கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக வைஸ்ராய் லிட்டன் பிரபு டெம்பிளை அனுப்பியிருந்தார். சில வாரங்களில் டெம்பிளின் உத்தரவு வந்தது. மண் வெட்டும் ஓர் ஆணுக்கு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும் மேலே ஒரு சிறு தொகையும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அதுவரை ஒன்றரைப் பவுண்டு கணக்கில் கூலி தரப்பட்டு வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

டெம்பிள் பஞ்சம் அறியாதவர் அல்ல. மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி தருவித்து மக்களைக் காப்பாற்றியவர் அவரே. அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால், அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்று லண்டனில் கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்துக்குப் பிறகுதான் அவர் சென்னைக்கு வந்தார். பீகாரில் உயிரைக் காத்த அதே அதிகாரி இங்கே உணவைக் குறைத்ததற்கு அவருடைய சொந்தக் குணத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அவரைக் கண்டித்தவர்களின் கையில் அறிவியல் என்ற பெயரோடு ஒரு கோட்பாடு இருந்தது.

ஹெய்லிபரியில் கற்ற பாடம்

1776-ல் வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித், விளைச்சல் குறையும் காலத்தில் அரசு விலையில் தலையிடுவதுதான் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக மாற்றுகிறது என்று வாதிட்டார். மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும், பசியும் நோயும் அதைக் கட்டுப்படுத்தும் என்றார் மால்தஸ். அந்த மால்தஸ் 1805 முதல் 1834-ல் இறக்கும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இந்தியாவை ஆளப் புறப்பட்ட இளைஞர்கள் ஹெய்லிபரியில் இருந்த அந்தக் கல்லூரியில் அவரிடம் அரசியல் பொருளாதாரம் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள்.

அங்கே படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து சுமார் பத்து லட்சம் பேர் மாண்டபோது, லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தை நிர்வகித்தவர் அவர். சந்தையில் தலையிடக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். பின்னர் 1859-ல் சென்னை மாகாண ஆளுநராகவும் வந்தார். அயர்லாந்தும் சென்னையும் ஒரே பாடத்திட்டத்தின் கீழ் ஆளப்பட்டன.

1834-ல் இங்கிலாந்து இயற்றிய ஏழைகள் சட்டமும் இங்கே கடல் கடந்து வந்தது. உதவி கசப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் உண்மையாகவே கதியற்றவன் மட்டும் கேட்பான் என்பது அதன் அடிப்படை. அதனால்தான் எலும்பும் தோலுமாக நின்றவர்கள்கூட வீட்டை விட்டுத் தொலைவில் போய்க் கல்லுடைத்து, மண் சுமந்து கூலி வாங்க வேண்டியிருந்தது. சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். அந்த ஆண்டுகளிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எதிர்த்து நின்ற மருத்துவர்

டெம்பிளின் கூலிக் குறைப்பை அரசுக்குள் இருந்தே எதிர்த்தார் ஒருவர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். சிறைக்கைதிக்குக் கொடுக்கும் உணவைவிட இது குறைவு, வெறும் தானியத்தில் புரதம் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும், இந்த அளவில் கடும் உழைப்பு வாங்கினால் உடல் தேய்ந்து மரணத்தில் முடியும் என்று அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். உடலியல் நூல்களின் வாதத்தை நம்பத் தேவையில்லை, ஒரு பவுண்டு போதுமா என்று சோதித்துத்தான் பார்ப்போமே என்பது டெம்பிளின் நிலை. சந்தை விதியை மீறமுடியாத அறிவியலாகக் கொண்ட ஆட்சி, உடலின் விதியைச் சொன்ன அறிவியலை ஒதுக்கிவைத்தது. சில மாதங்களில் சென்னை அரசு கார்னிஷ் பக்கம் சாய்ந்து கூலியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் மரணம் குவிந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக அரசு அமைத்த பஞ்ச ஆணையமே கணக்கிட்டது. பிழைத்தவர்களில் ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள்.

அதே 1877-ல் வானியலாளர் நார்மன் லாக்யரும் புள்ளியியல் துறைத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும் சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். சென்னையின் மழைக் குறிப்புகளே அதற்கு ஆதாரம். வானிலையில் காரணம் தேடியது தவறல்ல. அந்த வறட்சிக்குப் பசிபிக் கடலின் எல் நினோ காரணம் என்று இன்று அறிவோம். ஆனால், மழை பொய்த்ததற்குத்தான் கடல் காரணம். கூலியைக் குறைத்ததற்கும் தானியத்தை ஏற்றுமதி செய்ததற்கும் மனிதர்கள்தான் காரணம்.

அளவுகோல் கைமாறியது

எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாதாபாய் நௌரோஜி, 1866-லேயே லண்டன் இனவியல் சங்கத்தில் எழுந்து, ஆசிய இனங்கள் தாழ்ந்தவை என்ற ஜான் கிராஃபர்டின் வாதத்தை மறுத்தவர். தாது வருடப் பஞ்சம் தலைகாட்டிய 1876-ல் அவர் இந்தியாவின் வறுமை குறித்த ஆய்வை பம்பாயில் வாசித்தார். எடுத்துக்கொண்ட சான்றுகள் எல்லாம் அரசின் ஆவணங்களே. மாகாணவாரியாக விளைச்சலைக் கூட்டி, தலைக்கு ஆண்டு வருமானம் சராசரி 20 ரூபாய் என்றார். பிறகு, கப்பலேறும் கூலித் தொழிலாளிக்கு அரசு மருத்துவர் வகுத்த உணவு அளவை எடுத்து அதன் விலையைக் கணக்கிட்டார். சிறைக்கைதிக்கு அரசு செய்யும் செலவையும் அருகில் வைத்தார். குற்றவாளிக்குக் கிடைக்கும் சோறும் துணியும்கூட உழைக்கும் மக்களுக்குக் கிடைக்க வழியில்லை என்பது நிரூபணமானது.

எதைக் கொண்டு மக்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு போதும் என்று பேரரசு அளந்ததோ, அதைக் கொண்டே பேரரசு எவ்வளவு எடுத்துச்செல்கிறது என்று நௌரோஜி அளந்தார். இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்துபோகிறது என்ற அவருடைய செல்வச் சுரண்டல் கோட்பாடு காங்கிரஸ் மேடைகளின் அடிப்படை வாதம் ஆனது. ஐரோப்பியப் பொருளாதார விதிகள் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் உலக உண்மைகள் அல்ல என்று 1892-ல் பொருளாதாரச் சிந்தனையாளர் ரானடே வாதிட்டார். பஞ்சம் ஓய்ந்துகொண்டிருந்த 1878-ல் நண்பர்களோடு ‘தி இந்து’வையும் பின்னர் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். 1894-ல் சென்னையில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் ஆல்பிரட் வெப் என்ற அயர்லாந்துக்காரர். பஞ்சம் கண்ட இரண்டு நாடுகள் ஒரே மேடையில் நின்றன.

தேசியத்தின் கணக்கிலும் ஒரு பெரிய குறை இருந்தது. தலைக்கு 20 ரூபாய் என்ற சராசரிக்குள் மிராசுதாரும் அவர் நிலத்தில் உழைத்த பறையரும் ஒன்றாக அடங்கிப்போனார்கள். பசி சாதி பார்த்து முதலில் யாரைத் தின்றது என்று அந்தச் சராசரி சொல்லவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான், ஊருக்குள் நடக்கும் சுரண்டலை அரசு ஏட்டில் ஏற்றியது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கிய அடுத்த ஆண்டின் பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வழிவகுத்தது. அந்நியர் எடுத்துச்சென்றதைத் துல்லியமாகக் கணக்கிட்ட தேசியம், உள்ளூரில் பறிக்கப்பட்டதற்கு அதே அக்கறையோடு கணக்கு எழுதவில்லை.

பஞ்ச ஆணையத்தின் 1880 அறிக்கையிலிருந்து பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு பிறந்தது. 1943 வங்கப் பஞ்சத்தில் அந்த விதிகளை அரசு அமலாக்கவே இல்லை. விடுதலைக்குப் பிறகு, 1979-ல் திட்டக்குழுவின் வல்லுநர்கள் வறுமைக் கோட்டுக்கு அடிப்படையாகக் கிராமத்தில் 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று வகுத்தார்கள். ஓர் ஏழைக்கு எவ்வளவு போதும் என்று ஏழை அல்லாதவர்கள் தீர்மானிக்கும் வழக்கம் இன்னும் முடியவில்லை.

நியாயவிலைக் கடையின் அளவு, வேலை உறுதித் திட்டத்தின் கூலி, வறுமைக் கோடு என்று எந்த எண் நம் முன் வந்தாலும், அது அறிவியல் என்று சொல்லப்பட்டதற்காக அப்படியே ஏற்க வேண்டாம். இதை வகுத்தவர் யார், யாருடைய செலவைக் குறைக்க வகுத்தார், யாருடைய உடலைப் பார்த்து வகுத்தார் என்று கேளுங்கள். கார்னிஷும் நௌரோஜியும் அதைத்தான் கேட்டார்கள். கேட்ட இடத்தில் கூலி உயர்ந்தது, ஒரு தேசிய இயக்கத்துக்கு வலுவான வாதம் கிடைத்தது.