மணக்கும் ரோஜாவும் மருந்தடிக்காத தோட்டமும்

விஜயபுரம், நகரி, புத்தூர் பக்கத்தில் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் ஒரு ரோஜாத் தொட்டியாவது இல்லாமல் இருக்காது. தள்ளுவண்டியில் வருகிற செடியில் பெரிய பூவைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றுமில்லை. "முன்னெல்லாம் ரோஜா என்ன வாசனை அடிக்கும்!" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளுவாங்க. அது பழமை பேசுகிறவர்களின் வெறும் புலம்பல் அல்ல.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் ரோஜா கிடையாது. பெயரே வெளியிலிருந்து வந்ததுதான். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் 'குலாபி' என்று படிக்கிறார்கள். பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் நீர். குலாப் என்பது ஆதியில் பன்னீரின் பெயர். நாமும் பன்னீர் ரோஜா என்கிறோம். ஆக இரண்டு மொழிக்காரர்களும் இந்தப் பூவுக்கு அதன் வாசனையை வைத்தே பெயரிட்டிருக்கிறோம். வாசனை போனால் பெயருக்கே பொருளில்லை.

அந்த மணம் ஒரே பொருளால் வருவதல்ல. ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தனால் என்று பல சேர்ந்த கலவை. இதில் ஃபீனைல் எத்தனால் தண்ணீரில் ஓரளவு கரையும். பன்னீரில் பூவின் மணம் தங்குவதற்கு அது முக்கியக் காரணம். 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். மணமுள்ள 'பாப்பா மெயாங்' ரோஜாவையும் மணமற்ற 'ரூஜ் மெயாங்' ரோஜாவையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், ஒரு குறிப்பிட்ட மரபணு முன்னதில் மும்முரமாக வேலை செய்கிறது, பின்னதில் ஏறக்குறைய தூங்குகிறது. ஜெரானியால் உண்டாவதற்கு அந்த மரபணு தேவை. அதாவது மணம் பிறவிக் குணம். பிறவியில் இல்லாததை உரம் கொட்டி வரவழைக்க முடியாது. நீண்ட காம்பு, நிறம், ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்பது, இவற்றுக்காகவே வளர்த்தெடுத்த வெட்டுமலர் ரோஜாக்களில் வாசனை பின்னால் நின்றுவிட்டது. வியாபாரிக்கு அது சரியான கணக்குதான். வீட்டுக்காரர் கணக்கு வேறு.

ஆகவே செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. என் முதல் ஓட்டு எட்வர்டு ரோஜாவுக்கு. நம் பகுதியில் பன்னீர் ரோஜா என்று விற்பது பெரும்பாலும் இதுதான். பூ சிறியது, இளஞ்சிவப்பு, ஒரே நாளில் உதிரும், ஆனால் வீட்டையே மணக்க வைக்கும். முன்பு பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்தது என்பார்கள். ஒன்றிடமிருந்து வாசனை, மற்றதிடமிருந்து அடிக்கடி பூக்கும் குணம். கன்னோஜ், அலிகர் பக்கத்து அசல் டமாஸ்க்கை இங்கே கொண்டுவந்து நட்டு ஏமாற வேண்டாம். அது குளிர் கேட்கும், வசந்தத்தில் ஒரு முறைதான் பூக்கும். கருஞ்சிவப்பு வேண்டுமென்றால் 'குரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' (1897) நம் வெயிலைத் தாங்கும். வேளாண் விஞ்ஞானி பி.பி. பால் உருவாக்கிய 'ரோஸ் சர்பத்' கிடைத்தால் விடாதீர்கள். ஆந்திரா சிவப்பு நன்றாகப் பூக்கும், மாலைக்கு ஆகும். வாசனையில் எட்வர்டுக்குப் பக்கத்தில் வராது.

வெப்ப நாட்டுக்கேற்ற ரோஜா வேண்டும் என்று அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் நம்மவர்தான். எம்.எஸ். வீரராகவன், ஆந்திரப் பிரதேசத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த தமிழர். 1980இல் விருப்ப ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறி, துணைவியார் கிரிஜாவுடன் இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் ஒரு ரோஜா உண்டு.

எட்வர்டுக்கு ஒட்டு வேண்டாம். மழைக்காலத்தில் பென்சில் கனத்தில், ஒரு சாண் குச்சி வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ளாவிட்டால், மேலே உள்ள விலையுயர்ந்த ரகம் செத்து அடிக்கட்டை மட்டும் தழைக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் அந்த அடிக்கட்டையாக எட்வர்டையே வைப்பதும் உண்டு! குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 10 கிலோ மக்கிய தொழு உரம். ஆறு மணி நேர வெயில், அதுவும் காலை வெயிலாக இருந்தால் உத்தமம். மே மாதத்தில் மேற்குச் சுவரின் அனல் செடியை வறுத்துவிடும். அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், மழை விட்ட நாளாகப் பார்த்து, அந்த ஆண்டுக் கிளைகளைப் பாதியாக வெட்டவும்.

இனிப் பூச்சி. எங்கள் சமண இல்லறத்தார் தெரிந்து உயிர்க்கொலை செய்யக்கூடாது. தொல்காப்பிய மரபியல் செடிகொடிக்கு ஓரறிவு, எறும்புக்கு மூன்று, தும்பிக்கு நான்கு என்று வகுக்கிறது. ஓரறிவைக் காக்க நாலறிவைக் கொல்லலாமா? வேப்பெண்ணெயும் பூச்சியைக் கொல்லும். இயற்கை என்று பெயர் ஒட்டினால் அது அகிம்சை ஆகிவிடாது. இந்த விரதம் இல்லாதவர்களும் யோசிக்க வேண்டும்: பூவைத் தலையில் வைக்கிறோம், சாமிக்குச் சாத்துகிறோம், குழந்தை இதழைப் பிய்த்து வாயில் போடுகிறது. கரும்புள்ளிப் பூஞ்சைக்கு இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். எனவே காலையில், தூரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். உதிர்ந்த இலையை அன்றன்றைக்கே பொறுக்குங்கள். கோடையில் சிலந்திப்பேன் வந்தால் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீச்சினால் கீழே விழும். அப்புறமும் நாலு இலை போகும், போகட்டும். வாராவாரம் மருந்து கேட்கிற கண்காட்சி ரகத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது; அதனால்தான் செடித் தேர்வை முதலில் சொன்னேன்.

பூவை வெயில் ஏறுமுன் பறியுங்கள், ஏறினால் மணம் குறையும். மருந்தே படாத எட்வர்டு இதழும் கற்கண்டும் சம எடை எடுத்து, கண்ணாடிச் சாடியில் அடுக்கி, மூன்று வாரம் வெயிலில் வையுங்கள்; குல்கந்து தயார். கடைப் பூவில் இதைச் செய்யாதீர்கள். தேன் சேர்ப்பாரும் உண்டு. நாங்கள் சேர்ப்பதில்லை, ருசியில் ஒன்றும் குறையாது.