டில்லியைச் சுற்றி மூன்று நகரங்கள்: ஜனம் முந்தியது, சாலை பிந்தியது

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டில்லிக்கு வருகிறவர்கள் பல்வல் தாண்டியதுமே மூட்டை முடிச்சுகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பல்வல், பல்லப்கர், பரீதாபாத் என்று ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரும். ஹரியானா எங்கே முடிகிறது, டில்லி எங்கே தொடங்குகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வது கடினம்.

டில்லிக்குள் வாடகை கட்டுபடியாகாத குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளர்களும் இந்த ஊர்களில்தான் குடியேறுகிறார்கள். ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணத்தில் இரண்டு அறை வீடு வாங்க நினைப்பவர்களும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். அப்போது வீட்டுத் தரகர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் சாலை வந்துவிட்டது, இனி ஊர் எங்கேயோ போய்விடும்." இது எவ்வளவு தூரம் உண்மை? டில்லியை ஒட்டிய பரீதாபாத், காஜியாபாத், குர்காவ் ஆகிய மூன்று நகரங்களின் ஜனத்தொகைக் கணக்கையும், டில்லியைச் சுற்றிப் போட்ட சாலைகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கணக்கு சொல்வது

1981 சென்ஸஸில் மூன்றில் பெரியது பரீதாபாத், சுமார் 3.3 லட்சம் பேர். காஜியாபாத்தில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. குர்காவில் ஏறக்குறைய ஒரு லட்சம்தான். அன்று அது ஒரு சாதாரண ஜில்லாத் தலைநகர்.

2011 சென்ஸஸில் வரிசை மாறிவிட்டது. காஜியாபாத் சுமார் 16.5 லட்சத்துடன் முதலிடத்துக்கு வந்தது. பரீதாபாத் 14 லட்சம். குர்காவ் சுமார் 8.8 லட்சம். முப்பது ஆண்டுகளில் பரீதாபாத் நாலு மடங்குக்கு மேலும், காஜியாபாத் ஐந்தரை மடங்குக்கு மேலும், குர்காவ் எட்டு மடங்குக்கு மேலும் பெருகியிருக்கின்றன. குர்காவின் பாய்ச்சலில் ஒரு பகுதி, 2008-ல் மாநகராட்சி ஏற்பட்டபோது சுற்றியிருந்த கிராமங்கள் எல்லைக்குள் வந்ததால் நேர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டில்லியோ 2001-க்கும் 2011-க்கும் இடையில் 21 சதவீதமே வளர்ந்தது. அதே பத்தாண்டில் பரீதாபாத் 34 சதவீதமும் காஜியாபாத் 70 சதவீதமும் வளர்ந்தன. தலைநகரம் நிரம்பி, பக்கத்து ஊர்களில் வழியத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

பரீதாபாத்தின் புதிய நகரம், தேசப் பிரிவினையின்போது எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 1949-ஐ ஒட்டி எழுந்தது. மதுரா ரோடும் ரயில் பாதையும் அருகருகே ஓடியதால் தொழிற்சாலைகள் வந்தன; தொழிலாளர்களும் வந்தார்கள். காஜியாபாத் ஹௌரா பிரதான பாதையில் உள்ள பெரிய ஜங்ஷன். காலையில் ரயில் ஏறினால் புது டில்லியில் ஆபீசுக்கு வந்துவிடலாம் என்ற வசதியே அதை வளர்த்தது.

குர்காவின் கதை வேறு. அங்கு ரயில் நெடுங்காலம் மீட்டர் கேஜ்தான். 1983-ல் மாருதி கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் தனியார் நிலம் வாங்கிக் கட்டடம் கட்டினார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆபீசுகள் வந்தன. டில்லியிலிருந்து எக்ஸ்பிரஸ் சாலை 2008-லும் மெட்ரோ 2010-லும் திறக்கப்பட்டன.

மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு. ஜனங்களை இழுத்தது வேலை. கொண்டு வந்து சேர்த்தது டில்லிக்கு நேராகப் போகும் பாதை. சக்கரத்தின் ஆரக்கால் போன்ற பாதைகள்தான் இந்த ஊர்களை வளர்த்தன. சக்கரத்தின் வட்டை போன்ற வளையச் சாலை அப்போது வரவே இல்லை.

வளையம் வந்த வரலாறு

வளையம் பற்றிய யோசனை பழையது. 1962-ல் அமலுக்கு வந்த டில்லி மாஸ்டர் பிளானிலேயே பரீதாபாத், காஜியாபாத், குர்காவ் முதலியவை 'வளைய நகரங்கள்' என்று குறிக்கப்பட்டிருந்தன. டில்லியின் நெரிசலை அவை தாங்கிக்கொள்ளும் என்பது திட்டம். 1985-ல் தலைநகரப் பிரதேசத்துக்கென்றே தனிச் சட்டமும் வாரியமும் வந்தன.

டில்லிக்கு உள்ளேயும் ஒரு ரயில் வளையம் உண்டு. சரக்கு ரயில்கள் நகர நெரிசலைத் தவிர்ப்பதற்காக 1975-ல் போட்ட 35 கிலோமீட்டர் ரிங் ரயில்வேயில், 1982 ஆசிய விளையாட்டுக்காகப் பயணிகள் மின்சார ரயில் விட்டார்கள். ஸ்டேஷன்கள் பஸ் நிறுத்தங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஒதுங்கி இருந்ததால் கூட்டம் சேரவில்லை. சரக்குக்குப் போட்ட வளையம் ஆளுக்குப் பயன்படவில்லை. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகரத்துக்கு வெளியே சுற்றும் சாலைகள் பிறந்ததற்கும் காரணம் சரக்குதான். டில்லிக்கு வேலையே இல்லாத லாரிகள், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நகரத்தின் நடுவே புகுந்து புகை கக்கின. அவற்றை வெளியே திருப்பச் சாலை போடுமாறு 2005-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மேற்குச் சாலை 2009-லேயே முடிந்திருக்க வேண்டியது. மானேசரிலிருந்து பல்வல் வரையுள்ள பகுதி 2016 ஏப்ரலிலும், குண்டலியிலிருந்து மானேசர் வரையுள்ள பகுதி 2018 நவம்பரிலும்தான் திறந்தன. காஜியாபாத் பக்கமாகச் செல்லும் 135 கிலோமீட்டர் கிழக்குச் சாலையை 2018 மே 27 அன்று பிரதமர் திறந்து வைத்தார். அதற்கும் சுப்ரீம் கோர்ட் கெடு வைக்க வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 270 கிலோமீட்டர் வளையம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் சென்னை வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர் என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும்.

ஆக, 2011-ல் மூன்று ஊர்களும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது லட்சம் பேரைக் குடிவைத்துக்கொண்ட பிறகு, ஏழு ஆண்டுகள் கழித்து வளையம் பூர்த்தியானது. சாலை வந்ததால் ஜனம் வரவில்லை.

ஒரே நாள், இரண்டு திறப்பு

2018 நவம்பர் 19 அன்று மேற்குச் சாலையின் கடைசிப் பகுதியைத் திறந்த அதே விழாவில், பரீதாபாத் மெட்ரோவைப் பல்லப்கர் வரை நீட்டிய பாதையும் திறந்து வைக்கப்பட்டது. லாரிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. டிபன் டப்பாவுடன் காலையில் கிளம்புகிறவருக்கு வேண்டியது இரண்டாவதுதான். சுங்கம் கட்டி ஓட வேண்டிய சுற்றுச் சாலை ஆபீசுக்குக் கொண்டுபோய் விடாது.

ஆகவே வீடு பார்க்கிறவர்கள் எக்ஸ்பிரஸ் சாலை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், மெட்ரோவோ மின்சார ரயிலோ நிற்கும் ஸ்டேஷனுக்கு நடந்து போக எத்தனை நிமிஷம், சீசன் டிக்கெட் எவ்வளவு, கடைசி வண்டி எப்போது, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நல்லது. மத்திய அரசே பரீதாபாத், காஜியாபாத், நோய்டா, குர்காவ் நான்கிலும் வேலை பார்க்கும் தன் ஊழியர்களுக்கு டில்லி விகிதத்தில் வீட்டு வாடகைப் படி கொடுக்கிறது. வளையம் தொடும் பல்வலுக்கு அந்தச் சலுகை இல்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் லோதி எஸ்டேட், மந்திர் மார்க், பூசா ரோடு, ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம் என்று டில்லி எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. குடும்பம் வெளியே நகர நகரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தூரமாகிறது. வாடகையில் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, இந்த நஷ்டத்தையும் எடை போட வேண்டும்.

அடுத்த சென்ஸஸ் 2027-ல் நடக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதில் ஆள் எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் கணக்கில் வருவார். பரீதாபாத்திலும் காஜியாபாத்திலும் இருக்கும் தமிழர்கள் தாய்மொழிக் கேள்விக்குத் தமிழ் என்று தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கேயும் ஒரு தமிழ்ப் பள்ளி வேண்டும் என்று நாளைக்குக் கேட்பதற்கு அந்த எண்ணிக்கை கைகொடுக்கும்.