பாமாயில் டின்னும் உளுந்து மூட்டையும் பிறந்த மண்

பாமாயில், உளுந்து, துவரை, ஜாதிக்காய் எல்லாம் நம் கடையில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தரகர் விலை சொல்கிறார், வாங்குகிறோம், விற்கிறோம். இறக்குமதியாகும் இந்தச் சரக்குகளில் கணிசமான பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது. அந்தப் பகுதியை நம்மில் எத்தனை பேர் வரைபடத்தில் பார்த்திருக்கிறோம்? நாங்களும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் பையனின் பள்ளிக்கூட அட்லஸைப் புரட்டினோம்.

முதலில் பர்மா. அதன் மேற்கில் அரக்கன் யோமா மலைத்தொடர் வடக்கு தெற்காகச் சுவர் போல நிற்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அதில் மோதிக் கடற்கரைப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. அங்கே ஆண்டுக்கு 4,000 மில்லி மீட்டருக்கும் மேல் பெய்யும். மலையைத் தாண்டி மாண்டலே, மாகுவே பக்கம் போனால் 1,000 மில்லி மீட்டர்கூடக் கிடைக்காது. நம் கம்பம் பள்ளத்தாக்கு போல மழை மறைவுப் பிரதேசம். துவரைக்கு அது போதும்.

தெற்கே ஐராவதி நதியின் வண்டல் பூமியில் கதையே வேறு. மழைக்காலத்தில் நெல் விளையும். நெல் அறுத்தபின் மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் உளுந்து விதைப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் புதுச் சரக்கு வரும். ஆகவே 'பர்மாவில் மழையாம்' என்று தரகர் சொன்னால், எந்தப் பக்கம், எந்த மாதம் என்று கேளுங்கள். நெல்லுக்கு நல்லதாக இருக்கும் மழை, உளுந்து காயும் நேரத்தில் வந்தால் சரக்கின் பதம் கெட்டுவிடும்.

இன்னும் தெற்கே, பூமத்திய ரேகையை ஒட்டி மலேசியா, சுமத்ரா, போர்னியோ. அங்கே நம் ஊர்க் கோடை கிடையாது. பெரும்பாலும் ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும் மாறி மாறி வரும். எண்ணெய்ப் பனைக்கு இதுதான் வேண்டும். அந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளிலிருந்துதான் அந்த வட்டாரத்தில் எண்ணெய்ப் பனை பரவியது.

எங்கள் கைசுட்ட கதை இங்கேதான். 1997-இல் எல் நினோவால் அங்கே கடும் வறட்சி. காடு எரிந்த புகை சிங்கப்பூர் வரை சூழ்ந்ததாகப் பத்திரிகையில் படித்தோம். ஆனால் பாமாயில் விலை உடனே எகிறவில்லை. 'புகைக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்' என்று சில்லறைக் கடைக்காரர்களிடம் முன்விலை பேசி ஒப்புக்கொண்டோம். பனை உடனே வாடிவிடாது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. வறட்சியில் பெண் பூங்குலை குறைந்து ஆண் பூங்குலை கூடும்; காய்ப்புக் குறைவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும். 1998-இல் அது தெரிந்தது. இந்தோனேசிய நாணயச் சரிவும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. பேசிய விலைக்குக் கைக்காசு போட்டுச் சரக்கு கொடுத்தோம். வாக்குத் தவறவில்லை, ஆனால் அந்த ஆண்டு லாபம் என்று ஒன்று இல்லை.

கிழக்கே போனால் ஜாதிக்காய் பிறந்த பண்டா தீவுகள். எரிமலைச் சாம்பல் மண், கடல்காற்றின் ஈரம். இந்தக் காய்க்காக ஐரோப்பியர் போட்ட சண்டை கொஞ்சமல்ல. 1667 உடன்படிக்கையில் ரன் என்ற சின்னத் தீவு டச்சுக்காரருக்கும், மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கும் என்று முடிவாயிற்று. அன்றைய கணக்கில் அது டச்சுக்காரருக்கு நஷ்டமாகத் தோன்றியிருக்காது.

வரைபடத்தில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். ஆனால் 2023-இல் மீண்டும் எல் நினோ என்று செய்தி வந்ததும் நாங்கள் முன்விலை பேசுவதை நிறுத்திக்கொண்டோம். 'பழைய வாடிக்கைக்காரரிடமே இப்படியா' என்று சிலர் வருத்தப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் நம் நாட்டு இறக்குமதி வரியும் உயர்ந்தது. ஆண்டுக் கடைசியில் பாமாயில் விலை நன்றாக ஏறியது. வருத்தப்பட்டவர்களில் இரண்டு பேர் மண்டிக்கே வந்து, 'அந்த அட்லஸைக் காட்டுங்கள் அண்ணாச்சி' என்று கேட்டார்கள்.